நியூயார்க்கின் பழைய ஸ்டேக்ஹவுஸில் நாலு பேருக்கு எதை, எப்படி ஆர்டர் செய்வது?

கேள்வி இதுதான்: நாலு பேர், அதில் ஒருவர் மாட்டுக்கறி தொடமாட்டார். நியூயார்க்கில் ஒரு ராத்திரி பழைய பாணி ஸ்டேக்ஹவுஸ் (தடித்த மாட்டுக்கறித் துண்டான ஸ்டேக்கைச் சுட்டுத் தரும் உணவகம்) ஒன்றில் சாப்பிட வேண்டும். என்ன சொல்வது, எந்தப் பதத்தில் கேட்பது, எவ்வளவு ஆகும்?

நேரடியான பதில்: மெனுவில் "இரண்டு பேருக்கு" என்று போட்டிருக்கும் போர்ட்டர்ஹவுஸ் (எலும்போடு வரும் பெரிய ஸ்டேக்) ஒன்று, மாட்டுக்கறி சாப்பிடும் மூன்று பேருக்கும் சேர்த்து. நாலாமவருக்கு ஆட்டுக்கறியோ மீனோ. எல்லோருக்கும் பொதுவாக ஒரு ஸ்டார்ட்டர், இரண்டு சைடு (கூடவே சாப்பிடும் துணைப் பதார்த்தம்), ஒரு இனிப்பு. கறியை மீடியம் ரேரில், அதாவது நடுவில் சிவப்பாக இருக்கும்படி, கேளுங்கள். வரி, டிப்ஸ் எல்லாம் சேர்த்து ஆளுக்கு 130 டாலரை ஒட்டி வரும். மது அதிகமானால் அதற்கு மேலே எங்கு வேண்டுமானாலும் போகும்.

முதல்முறை போகிறவர்கள் செய்யும் பெரிய தவறு ஆளுக்கொரு ஸ்டேக், ஆளுக்கொரு சைடு என்று தனித்தனியாகச் சொல்வது. பாதி மிஞ்சும், பில் இரட்டிப்பாகும், அந்தக் கடையின் நல்ல துண்டும் தட்டுக்கு வராது. இந்தக் கடைகளின் மெனுவே நடுவில் ஒரு பெரிய தட்டை வைத்து எல்லோரும் எடுத்துக்கொள்வதற்காக அமைந்தது. புரூக்ளினில் உள்ள பீட்டர் லூகரில் ஸ்டேக்கின் பெயரைவிட "இரண்டு பேருக்கு, மூன்று பேருக்கு, நாலு பேருக்கு" என்ற கணக்குதான் முக்கியம்.

எந்தக் கடை என்று முதலில் பார்த்துவிடலாம். ஓல்ட் ஹோம்ஸ்டெட் 1868-லும், கீன்ஸ் 1885-லும், பீட்டர் லூகர் 1887-லும், காலகர்ஸ் 1927-லும் தொடங்கியவை. ஸ்மித் அண்ட் வொலென்ஸ்கி பார்க்கப் பழசாக இருந்தாலும் 1977-ல் வந்ததுதான். லூகரில் பல பத்தாண்டுகள் தலைமைப் பரிமாறுபவராக இருந்த வுல்ஃப்காங் ஸ்வீனர் 2004-ல் பார்க் அவென்யூவில் சொந்தக் கடை திறந்தார். இன்று பல ஸ்டேக்ஹவுஸ்களில் லூகர் பாணித் தட்டைப் பார்க்க முடிவதற்கு அவரும் ஒரு காரணம். லூகரின் பெயர் எல்லோரும் ஒத்துக்கொண்டது என்றும் சொல்ல முடியாது. 2019-ல் நியூயார்க் டைம்ஸ் விமர்சகர் பீட் வெல்ஸ் அதற்கு ஒரு நட்சத்திரம்கூடத் தரவில்லை.

உங்கள் கூட்டத்துக்கு நான் சொல்வது கீன்ஸ். மன்ஹாட்டனில் ஹெரால்ட் ஸ்கொயர் பக்கம், மேற்கு 36-வது தெருவில் இருக்கிறது. கூரை முழுக்க நீளக் காம்புள்ள களிமண் புகைக்குழாய்கள், 50,000-க்கும் மேல், வரிசை வரிசையாகக் கட்டித் தொங்கும். அந்தக் காலத்து வாடிக்கையாளர்கள் தங்கள் குழாயைக் கடையிலேயே விட்டுவைத்து, வரும்போதெல்லாம் கேட்டு வாங்கிப் புகைத்தார்கள். ஆண்களுக்கு மட்டும் என்றிருந்த இந்தக் கடைமீது நடிகை லில்லி லாங்ட்ரி 1905-ல் வழக்குப் போட்டு ஜெயித்து உள்ளே வந்தார். ஆனால் நான் இதைச் சொல்வதற்குக் காரணம் கூரை இல்லை. இங்கே மாட்டுக்கறி சாப்பிடாதவருக்குக் கிடைப்பது கடையின் தலையாய பண்டமே. அதற்குப் பிறகு வருகிறேன்.

இவ்வளவு காசு எதற்கு? இரண்டு விஷயங்களுக்கு. ஒன்று, கறியின் தரம். அமெரிக்க வேளாண்துறை மாட்டிறைச்சிக்குத் தரம் குறிப்பது முக்கியமாக இரண்டை வைத்து: தசைக்குள் வெள்ளை நூல் நூலாக ஓடும் கொழுப்பு, மாட்டின் வயது. உச்சத் தரம் பிரைம், அடுத்தது சாய்ஸ், அதற்கும் கீழே செலக்ட். நல்ல ஸ்டேக்ஹவுஸ்கள் பிரைம் மட்டுமே வாங்கும். அந்த உட்கொழுப்புதான் வெப்பத்தில் உருகி, மெல்லும்போது கறியை வறட்டாமல் வைத்திருக்கிறது.

இரண்டாவது, ட்ரை ஏஜிங். கறியை எலும்போடும் மேல்கொழுப்போடும் பெரிய துண்டாகவே, 1 முதல் 3 டிகிரி செல்சியஸில், 80 சதவீதத்தை ஒட்டிய ஈரப்பதத்தில், காற்றாடி ஓடும் குளிர் அறையில் மூன்று நாலு வாரம் திறந்தபடி வைப்பார்கள். தசையிலேயே இருக்கும் நொதிகள் நார்ப் புரதங்களை அறுத்து மென்மையாக்கும். தண்ணீர் ஆவியாகி ருசி அடர்த்தியாகும். மென்மை பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று வாரத்திலேயே வந்துவிடும். அதற்குப் பிறகு கூடுவது மணம். 28 நாளில் வறுத்த பருப்பு மாதிரி ஒரு வாசம். 45 நாளைத் தாண்டினால் நீலச் சீஸ் வாடை வரத் தொடங்கும், அது எல்லோருக்கும் ஒத்துவராது. மேலே கறுத்துக் காய்ந்த ஓட்டைச் செதுக்கி எறிய வேண்டும். ஆவியானது, செதுக்கியது எல்லாம் சேர்த்து எடையில் 15 முதல் 30 சதவீதம் போய்விடும். மூன்று வாரத்துக்கு மேல் முடங்கிய முதலும், குப்பைக்குப் போன அந்தக் கறியும்தான் விலையில் ஏறுகின்றன. 52-வது தெருவில் காலகர்ஸ் வாசலில் நின்றால் கண்ணாடி வழியாகவே அந்தக் குளிர் அறையைப் பார்க்கலாம். உள்ளே போகாவிட்டாலும் அதைப் பார்த்துவிட்டு வாருங்கள். கையால் தேய்த்தால் உதிரும் பட்டை மாதிரி கருஞ்சிவப்பாக இறுகிய கறி, அலமாரி அலமாரியாக அடுக்கியிருக்கும்.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. மெனுவிலேயே மென்மையானது என்று பலர் ஃபிலே மின்யான் என்ற துண்டைக் கேட்பார்கள். தனியாக எடுத்த ஃபிலேயில் எலும்பும் இல்லை, மேல்கொழுப்பும் இல்லை. அதை ட்ரை ஏஜிங்கில் வைத்தால் செதுக்கியதுபோக ஒன்றும் மிஞ்சாது. அதனால் பெரும்பாலும் அது வேக்யூம் பையில் அடைத்துப் பதப்படுத்தியதாகத்தான் இருக்கும். அதாவது கடை எந்த வேலைக்காகக் காசு வாங்குகிறதோ அந்த வேலையே நடக்காத துண்டு அது. போர்ட்டர்ஹவுஸில் அப்படி இல்லை. டி வடிவ எலும்பின் ஒரு பக்கம் ஸ்ட்ரிப், மறு பக்கம் ஃபிலே. இரண்டும் எலும்போடு சேர்ந்தே ஏஜ் ஆகும். டி-போன் என்பதும் இதே இடத்துத் துண்டுதான், ஃபிலே பக்கம் சிறியது. அமெரிக்க வேளாண்துறையின் வரையறைப்படி ஃபிலே 1.25 அங்குலமாவது அகலம் இருந்தால்தான் போர்ட்டர்ஹவுஸ். டி-போனுக்கு அரை அங்குலம் போதும்.

மூன்று பேருக்கு இரண்டு பேர் தட்டு போதுமா என்ற சந்தேகம் வரும். எலும்போடு பச்சையாகச் சுமார் 1.1 கிலோ இருக்கும். எலும்பு, வேகும்போது வடியும் கொழுப்பு, தண்ணீர் போக 700 கிராமை ஒட்டித் தட்டில் சாப்பிடக் கிடைக்கும். சைடும் ரொட்டியும் சேர்த்தால் மூன்று பேருக்குத் தாராளம். மூவருமே நன்றாகச் சாப்பிடுகிறவர்கள் என்றால் மட்டும் மூன்று பேர் தட்டு.

இனி பதம். இதில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். நடுவில் உள்ள வெப்பத்தை வைத்துச் சொன்னால் ரேர் 49 முதல் 52 டிகிரி செல்சியஸ், மீடியம் ரேர் 54 முதல் 57, மீடியம் 60 முதல் 63, மீடியம் வெல் 65 முதல் 68, வெல் டன் 71-க்கு மேல். அமெரிக்க அரசு பரிந்துரைப்பது 63 டிகிரியும் அதன்பின் மூன்று நிமிட ஓய்வும். வயதானவர்கள், கர்ப்பிணிகள், நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் அதையே பின்பற்றுவது நல்லது.

ஆனால் லூகர் பாணித் தட்டில் இந்த எண்கள் நகர்ந்துகொண்டே இருக்கும். எப்படியென்றால், கறியை முதலில் பிராய்லர் என்ற அடுப்பில் வைப்பார்கள். மேலிருந்து 400 டிகிரியைத் தாண்டிய வெப்பம் இறங்கும், கொழுப்பு கீழே வடிந்துவிடுவதால் புகை கறியில் படியாது. மேல் பொரிந்து கறுத்ததும், உள்ளே இன்னும் வேகாத நிலையில் வெளியே எடுத்து, எலும்பிலிருந்து அறுத்து, விரல் தடிமனில் துண்டு போட்டு, எலும்பைச் சுற்றிப் பழையபடியே அடுக்குவார்கள். வெண்ணெயைப் போட்டுத் தட்டோடு மறுபடியும் பிராய்லருக்குள் தள்ளுவார்கள். தட்டு மேஜைக்கு வரும்போது வெண்ணெய் இன்னும் கொதித்துக்கொண்டிருக்கும். பரிமாறுபவர் ஒரு சின்னத் தட்டைக் கவிழ்த்து அதன்மேல் பெரிய தட்டின் ஒரு ஓரத்தை ஏற்றிவைப்பார். வெண்ணெயும் கறிச்சாறும் தாழ்ந்த பக்கம் குளமாகத் தேங்கும். அதிலிருந்து கரண்டியால் மொண்டு துண்டுகள்மேல் ஊற்றித்தான் ஆளாளுக்கு வைப்பார்.

ஆக, வெட்டிய துண்டு கொதிக்கும் தட்டில் கிடக்கும்வரை வெந்துகொண்டே இருக்கும். மீடியம் ரேரில் வந்தது பேச்சில் பத்து நிமிடம் போனால் மீடியத்தைத் தாண்டியிருக்கும். பிறகு "கடைக்காரன் அதிகமாக வேகவைத்துவிட்டான்" என்று புகார். இதற்கு இரண்டு வழி. வந்ததும் உங்கள் பங்கு முழுவதையும் சொந்தத் தட்டுக்கு மாற்றிவிடுங்கள். அல்லது நிதானமாகச் சாப்பிடும் கூட்டமென்றால், வேண்டிய பதத்துக்கு ஒரு படி கீழே கேளுங்கள். இதே சூடு உங்களுக்கு உதவியாகவும் இருக்கும்: ஒருவருக்குச் சிவப்பாக வேண்டும், இன்னொருவருக்கு வெந்திருக்க வேண்டும் என்றால் தட்டை மீடியம் ரேரில் கேட்டு, வெந்தது வேண்டியவரின் துண்டுகளை மட்டும் தட்டின் சூடான இடத்தில் ஒரு நிமிடம் அழுத்தி வைக்கச் சொல்லுங்கள். பழைய பரிமாறுபவர்கள் கேட்காமலேயே செய்வார்கள்.

பதத்தின் பெயர் கடைக்குக் கடை மாறும். ஒரு கடையின் மீடியம் ரேர் இன்னொன்றின் ரேர். அதனால் பெயரோடு நிற்காமல் "நடுவில் சிவப்பாக, ஆனால் சூடாக இருக்கட்டும்" என்று சொல்லிவிடுங்கள். சிவப்பு ஆனால் குளிர்ந்த நடுப்பகுதி என்பது ரேருக்கு இயல்பு. அது பிடிக்காதவர்கள்தான் பிறகு முகம் சுளிப்பார்கள். தட்டில் வடியும் சிவப்புத் தண்ணீர் ரத்தம் என்று நம்மவர்கள் பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். ரத்தம் அறுத்தபோதே வடிந்துவிட்டது. இது மயோகுளோபின் என்ற தசைப் புரதம் கலந்த தண்ணீர். 60 டிகிரியைத் தாண்டத் தாண்ட நிறம் மாறிப் பழுப்பாகும்.

வெல் டன் கேட்டால் குற்றமா? இல்லை, உங்கள் காசு. ஆனால் 5 செ.மீ. தடிமன் உள்ள துண்டு 71 டிகிரியைத் தாண்டும்போது தசை நார்கள் இறுகிச் சாற்றைப் பிழிந்துவிடும். முக்கால் மணி நேரம் காத்திருக்கவும் வேண்டும். நன்றாக வெந்ததுதான் வேண்டும் என்றால் போர்ட்டர்ஹவுஸை விட்டுவிட்டு ரிப்ஐ என்ற விலாப்பகுதித் துண்டைக் கேளுங்கள். அதில் கொழுப்பு அதிகம். அந்தக் கொழுப்பு இளகவே மீடியம் வரை வர வேண்டும், அதற்கு மேலே போனாலும் மற்றவற்றைவிடத் தாங்கும். ஃபிலேயை வெல் டன்னில் கேட்பதுதான் வீண். உட்கொழுப்பு குறைவு என்பதால் பஞ்சு மாதிரி ஆகிவிடும்.

இப்போது நாலாமவர். கீன்ஸின் புகழே மட்டன் சாப். நம் ஊர் மட்டனை நினைத்துப் போகாதீர்கள். இது வெள்ளாடு இல்லை, செம்மறி, அதுவும் முதிர்ந்த ஆடு இல்லை, குட்டி. முதுகுப்பகுதியைக் குறுக்கே அறுத்த இரட்டைத் துண்டு, எலும்போடு சுமார் 700 கிராம். நடுவில் எலும்பு, இரு பக்கமும் தடித்த கறி, ஓரத்தில் சுருண்ட கொழுப்பு நன்றாகப் பொரிந்திருக்கும். ஒருவர் முழுக்க முடிப்பது கஷ்டம், மற்ற மூவரும் ஆளுக்கொரு வாய் எடுக்கலாம். இதை மீடியத்தில் கேளுங்கள். ஆட்டுக் கொழுப்பு ஆறினால் சீக்கிரம் உறைந்து நாக்கில் ஒட்டும் என்பதால் முதலில் அந்த ஓரத்தைச் சாப்பிட்டுவிட வேண்டும்.

மாட்டுக்கறியைத் தவிர்ப்பது மத நம்பிக்கை சார்ந்தது என்றால் இன்னும் சில கேள்விகளைக் கேட்டே ஆக வேண்டும். ஆட்டுக்கறியும் மாட்டுக்கறியும் ஒரே பிராய்லரில், ஒரே இடுக்கியில் புரளும். வெங்காய சூப் பெரும்பாலும் மாட்டெலும்புச் சாற்றில் செய்தது. ஹாஷ் பிரவுன் எனும் உருளைக்கிழங்கு வறுவலில் சில கடைகள் மாட்டுக் கொழுப்போ பேக்கன் (உப்பிட்ட பன்றிக்கறி) கொழுப்போ சேர்க்கும். சைவம் போலத் தெரியும் சீசர் சாலட்டில் நெத்திலி வகை மீன் அரைத்துக் கலந்திருக்கும். வெட்ஜ் சாலட்டின்மேல் பன்றி பேக்கன் தூவியிருக்கும். ஹலால் பார்ப்பவர்களுக்கு இந்தக் கடைகள் பொதுவாகச் சரிப்படாது. முழுச் சைவர் ஒருவரைக் கூட்டிப் போவது அவருக்கும் நல்லதில்லை. வேகவைத்த உருளைக்கிழங்கும் கீரையும் தின்றுவிட்டுப் பில்லில் கால்பங்கு கொடுப்பார்.

ஸ்டார்ட்டரைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஷ்ரிம்ப் காக்டெயில் ஒன்று: குளிர்ந்த பெரிய இறால், குதிரைமுள்ளங்கி அரைத்த தக்காளிச் சாஸ். மூக்குவரை ஏறும் அந்தக் காரம்தான் இந்த மேஜையில் நம் நாக்குக்கு மிக நெருங்கிய காரம். தடித்த பேக்கன் இருந்தால், பன்றி சாப்பிடுகிறவர்கள் இரண்டு பேருக்கு ஒரு துண்டு. அதற்குமேல் போனால் உப்பில் நாக்கு மரத்து, பின்னால் வரும் கறியின் ருசி தெரியாது. ரொட்டிக் கூடைக்கும் இதே எச்சரிக்கை. லூகரின் புகழ்பெற்ற சாஸ் இனிப்பும் குதிரைமுள்ளங்கியும் கலந்தது. தக்காளி, வெங்காயத் துண்டுகளோடு பிரமாதம், 28 நாள் பதப்படுத்திய கறியின்மேல் ஊற்றினால் நாலு வார வேலையும் வீண். கறிக்கு உப்பும் தட்டில் தேங்கிய வெண்ணெயும் போதும்.

சைடு ஒவ்வொன்றும் இரண்டு மூன்று பேருக்கானது. நாலு பேருக்கு இரண்டு: கிரீமில் கிளறிய பசலைக்கீரை ஒன்று, உருளைக்கிழங்கு ஒன்று. தண்ணீர் கேட்கும்போது "டேப் வாட்டர்" என்று சொல்லுங்கள். இல்லையென்றால் பாட்டில் வந்து பில்லில் ஏறும். மார்ட்டினி பார்க்கத்தான் சின்னது, ஏறக்குறைய முழுக்கச் சாராயம். வெறும் வயிற்றில் இரண்டு குடித்தவர்கள் ஸ்டேக் வரும்போது அதை ரசிக்கும் நிலையில் இருப்பதில்லை. ஒயின் என்றால் கேபர்னே சோவின்யான் என்ற சிவப்பு ஒயின். மற்றபடி இனிப்புக்குச் சீஸ்கேக் ஒன்று வாங்கி நாலு கரண்டி கேளுங்கள்.

பரிமாறுபவர்கள் இந்தக் கடைகளில் பெரும்பாலும் அதையே தொழிலாகக் கொண்ட மூத்த ஆட்கள். கறுப்பு போ டை, வெள்ளை ஏப்ரன். பேச்சு கொஞ்சம் வெட்டிப் பேசுவதுபோல இருக்கும். அவமதிப்பு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். "நாங்கள் நாலு பேர், மூவர்தான் மாட்டுக்கறி, எது சரியாக வரும்?" என்று நேரடியாகக் கேட்டால், அதிகமாக ஆர்டர் செய்வதை அவர்களே தடுப்பார்கள். கறி வந்ததும் நடுத்துண்டு ஒன்றை முதலில் பாருங்கள். வேகவில்லை என்றால் அப்போதே சொல்லுங்கள், மூன்று நிமிடத்தில் சரியாகித் திரும்பும். அதிகம் வெந்துவிட்டால் புதிதாகத்தான் போட வேண்டும், இன்னொரு 25 நிமிடம் ஆகும். கீழ்ப்பதத்தில் கேட்பதன் இன்னொரு லாபம் இது. பாதி தின்றுவிட்டுத் திருப்பி அனுப்புவது மட்டும் முறையில்லை.

பில் கணக்கு: மெனு விலையில் 400 டாலருக்குச் சாப்பிட்டதாக வைத்துக்கொள்வோம். நியூயார்க் நகர விற்பனை வரி 8.875 சதவீதம், 35.50 டாலர். டிப்ஸ் 18 முதல் 20 சதவீதம். 20 என்றால் 80 டாலர். மொத்தம் 515.50, ஆளுக்கு ஏறக்குறைய 129. டிப்ஸை வரிக்கு முந்தைய தொகையில் கணக்கிட்டால் போதும். அச்சிட்டு வரும் பரிந்துரை சில சமயம் வரியையும் சேர்த்துக் கணக்கிட்டிருக்கும். பெரிய கூட்டமாகப் போனால் டிப்ஸைக் கடையே பில்லில் சேர்த்துவிடுவது உண்டு. "கிராட்யூட்டி" என்ற வரி இருக்கிறதா என்று பார்க்காமல் கையெழுத்துப் போட்டால் இரண்டு முறை கொடுப்பீர்கள். லூகருக்குப் போவதானால் பணம் செலுத்தும் முறையை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள், பல பத்தாண்டுகள் கிரெடிட் கார்டு வாங்காத கடை அது.

வெள்ளி, சனி இரவுக்குச் சில வாரங்கள் முன்னரே இடம் பிடிக்க வேண்டும். வாரநாள் மதியம் சுலபம், கூட்டமும் குறைவு. அரைக்கால் சட்டை, கையில்லாத பனியன் தவிர்த்து முழுக்கைச் சட்டை போட்டால் எந்தக் கடையிலும் பிரச்சினை வராது.

மிச்சத்தைக் கட்டித் தரச் சொல்லக் கூச்சப்பட வேண்டாம். எலும்பையும் சேர்த்துக் கட்டச் சொல்லுங்கள், அதை ஒட்டியிருக்கும் கறிக்குத்தான் ருசி அதிகம். இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வையுங்கள். மறுநாள் மைக்ரோவேவில் வைத்தால் சாம்பல் நிறமாகி ரப்பராகிவிடும். குளிர்ந்திருக்கும்போதே நாருக்குக் குறுக்கே மெல்லியதாகச் சீவி, நன்றாகக் காய்ந்த சட்டியில் வெங்காயத்தையும் இடித்த மிளகையும் முதலில் வதக்கி, கடைசி 30 விநாடிக்கு மட்டும் கறியைப் போட்டுப் புரட்டி இறக்குங்கள்.